கீழே சிவப்பு ஓக், மேலே வெள்ளை ஓக்: நடுவில் இருக்கும் படிக்கு என்ன மரம், என்ன நிறம்?

#1 வடலி, ஏஜாக்ஸ்

வணக்கம். படி விஷயமாக வீட்டில் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. செய்து பார்த்தவர்கள் யாராவது சொன்னால் பெரிய உதவி.

வீடு 2008இல் கட்டியது, இரண்டு மாடி. கீழே ஹாலிலும் சாப்பாட்டு அறையிலும் பில்டர் போட்ட ஓக் தரை. ஒல்லியான பலகைகள், தேன் நிறத்துக்கும் சிவப்புக்கும் இடைப்பட்ட நிறம், கொஞ்சம் பளபளப்பு. மேலே இருந்த கார்பெட்டை இந்தக் கோடையில் எடுத்துவிட்டு எஞ்சினியர்ட் வெள்ளை ஓக் (ஒட்டுப்பலகைக்கு மேல் மெல்லிய ஓக் தோல் ஒட்டியது) போட்டோம், 7 அங்குல அகலப் பலகை, வெளிர் பழுப்பு, பளபளப்பே இல்லாத மேட். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு தரையுமே வடிவாக இருக்கின்றன. நடுவில் படி மட்டும் பழைய கார்பெட்டோடு கிடக்கிறது. அதையும் எடுத்துவிட்டு மரம் போடத்தான் ஆசை, ஆனால் எந்தத் தரைக்குப் பொருத்துவது என்று விளங்கவில்லை. கைபிடியும் தூண்களும் கைபிடிக்குக் கீழே வரிசையாக நிற்கும் பிக்கட்டுகளும் பில்டரின் ஓக், ஆரஞ்சு கலந்த நிறம்.

வந்து பார்த்த கொன்ட்ராக்டர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் படி, கைபிடி எல்லாவற்றையும் கடுங்காப்பி நிறத்துக்கு மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் வினைல் ஒட்டினால் போதும் என்கிறார். எங்களோடு அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள், அவர்களுடைய அறை மேலேதான். அம்மாவுக்கு முழங்கால் நோ. பிள்ளைகள் படியில் நடப்பதே இல்லை, ஓட்டம்தான். அதனால் நிறம் மட்டுமில்லை, யாரும் வழுக்கி விழாமல் இருப்பதும் எங்களுக்கு முக்கியம்.

#2 சிட்டுக்குருவி, ஸ்காபரோ

கடுங்காப்பி நிறத்துக்கே போங்கள் அக்கா. எங்கள் அண்ணா வீட்டில் அப்படித்தான் செய்தார்கள், வெள்ளை ரைசர் (இரண்டு படிக்கும் நடுவில் நிமிர்ந்து நிற்கும் பலகை), கறுப்பு இரும்புப் பிக்கட். வாசலில் நுழைந்ததும் கண் அங்கேதான் போகும். மேல் தரை, கீழ்த் தரை என்று யோசிக்கவே தேவையில்லை, இரண்டுக்கும் சேராத ஒரு நிறம் என்றால் யாரும் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள்.

#3 நெய்தல், மிசிசாகா

எங்கள் வீட்டில் அந்த எஸ்பிரெஸோ நிறப் படிதான் இருக்கிறது, வீடு வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. முதல் நாள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கூட்டி முடித்துத் திரும்பினால் மறுபடி தூசி தெரியும். தலைமயிர், துவாயிலிருந்து உதிரும் பஞ்சு, சாமியறையிலிருந்து காலில் ஒட்டி வரும் திருநீறு, ஒன்றும் மறையாது. அதைவிடக் கீறல்தான் பெரிய தொல்லை. ஓக் உள்ளே வெளிர் நிறம், மேலே மட்டும் கறுப்புச் சாயம். ஒரு விளையாட்டுக் கார் உரசிக்கொண்டு போனால் வெள்ளைக் கோடு விழுகிறது. நடுத்தர நிறத்தில் அதே கீறல் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

வடலி, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கடும் நிறம் போட வேண்டாம் என்பதுதான் என் பக்கம்.

#4 உளிச்சத்தம், மார்க்கம்

தங்கச்சி, நான் இந்தப் பக்கம் படிவேலை செய்கிறவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

நிறத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் கார்பெட்டின் ஒரு மூலையைத் தூக்கி, கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2000க்குப் பிறகு கட்டிய வீடுகளில் கார்பெட் படி என்றால் அடியில் பெரும்பாலும் ஒட்டுப்பலகை அல்லது துகள் அழுத்திய பலகைதான் இருக்கும். சில வீடுகளில் பைன் இருக்கும், அதற்குச் சாயம் பூசினால் திட்டுத்திட்டாக ஏறும், அதோடு மெத்தென்ற மரம், குதிக்கால் பட்டாலே பள்ளம் விழும். மரத்தின் கடினத்தை அளக்கிற ஜாங்கா அளவில் வெள்ளை பைன் 380, சிவப்பு ஓக் 1290, வெள்ளை ஓக் 1360, மேப்பிள் 1450. அமெரிக்க வால்நட் அவ்வளவு விலை கொடுத்து வாங்குகிற மரம், அது 1010தான். படிக்கு ஓக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், ஓக்கின் ரேகை திறந்த ரேகை, சாயத்தைச் சீராகக் குடிக்கும். மேப்பிள் கடினமான மரம்தான், ஆனால் கடும் சாயம் பூசினால் முகத்தில் தேமல் விழுந்த மாதிரி ஆகிவிடும். மேப்பிள் என்றால் அதன் சொந்த நிறத்திலேயே விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, படிப்பலகை இரு பக்கமும் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்று பாருங்கள். தொழிற்சாலையில் செய்து வருகிற படிகளில் பக்கப் பலகையில் பள்ளம் குடைந்து, ட்ரெட்டை, அதாவது கால் வைக்கிற பலகையை, அதற்குள் செருகி, கீழிருந்து ஆப்பு அடித்துப் பசை போட்டிருப்பார்கள். அதைக் கழற்றுவது லேசான வேலை இல்லை. அப்படியானால் பழைய பலகையில் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கை வெட்டிவிட்டு, மேலே மெல்லிய ஓக் பலகையைப் போர்த்துவதுதான் வழி.

போர்த்தும்போது பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. எல்லாப் படியிலும் 16 மி.மீ. பலகை போட்டால் நடுவிலுள்ள படிகளின் உயரம் மாறாது. ஆனால் கீழ்த் தரையிலிருந்து ஏறுகிற அடிப்படியின் உயரம் 16 மி.மீ. கூடிவிடும், மேல் தரைக்கு ஏறுகிற கடைசிப் படியின் உயரம் அதே அளவு குறைந்துவிடும். மேலே புதுத் தரை போட்டதால் கடைசிப் படிக்கு ஓரளவு ஈடாகிவிடும், அடிப்படிக்கு ஒன்றும் ஈடாகாது. ஒன்ராறியோ கட்டட விதிப்படி வீட்டுப் படியின் உயரம் 200 மி.மீ. தாண்டக்கூடாது, அடுத்தடுத்த இரண்டு படிகளுக்குள் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது, முழு வரிசையிலும் கூடியதற்கும் குறைந்ததற்கும் இடையே 10 மி.மீ.தான் எல்லை. கால் ஒரு படி ஏறியதும் அடுத்த படியின் உயரத்தைத் தானாகவே எடுத்துக்கொள்ளும், அந்த இடத்தில் ஒரு விரலளவு கூடிக் குறைந்தாலும் தடுக்கும். அம்மாவின் முழங்காலை நீங்கள் சொன்னபடியால் இதை முதலில் எழுதுகிறேன். அளந்து போடுங்கள், அதற்குப் பிறகு நிறம் பேசலாம்.

#5 வடலி, ஏஜாக்ஸ்

மிக்க நன்றி அண்ணை. மூலையைத் தூக்கிப் பார்த்தோம், துகள் பலகைதான். பக்கத்தில் பள்ளத்துக்குள் செருகித்தான் இருக்கிறது. உயரத்தை இன்றிரவு அளந்து போடுகிறேன்.

கீழ்த் தரை சிவப்பு ஓக்கா வெள்ளை ஓக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பில்டர் தந்த தாளில் ஓக் என்று மட்டும்தான் இருக்கிறது.

#6 உளிச்சத்தம், மார்க்கம்

மிச்சத் துண்டு ஏதும் நிலவறையில் கிடந்தால், விரலளவு நீளத்துக்கு ஒன்று வெட்டி, ஒரு முனையில் சோப்புத் தண்ணீர் தடவி மறுமுனையில் வாய் வைத்து ஊதுங்கள். நுரை கிளம்பினால் சிவப்பு ஓக். அதன் துளைகள் திறந்தவை, காற்று நேராகப் போய்விடும். வெள்ளை ஓக்கின் துளைகளை மரமே அடைத்து வைத்திருக்கும். விஸ்கிப் பீப்பாயும் வைன் பீப்பாயும் வெள்ளை ஓக்கில் செய்வது அதனால்தான், சிவப்பு ஓக்கில் ஊற்றினால் கசிந்துவிடும்.

துண்டு இல்லையென்றால் தரையில் வெயில் படாத ஓரத்தைப் பாருங்கள், ரோஸ் சாயல் தெரிந்தால் சிவப்பு ஓக். நீங்கள் சொன்ன காலத்துக்கும் ஒல்லிப் பலகைக்கும் சிவப்பு ஓக்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

#7 பனங்கூடு, பிக்கறிங்

இந்த இழையில் இன்னும் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எந்தத் தரைக்குப் பொருத்துவது என்று கேட்பதைவிட, எந்தத் தரையை மாற்றவே முடியாது என்று கேட்டுப் பாருங்கள்.

மேலே போட்டது எஞ்சினியர்ட் பலகை, நிறமும் பூச்சும் தொழிற்சாலையிலேயே ஏற்றி வருவது. அதன் மேல் ஓக் தோலின் தடிப்பு சில மி.மீ.தான், புதிதாகவும் போட்டிருக்கிறீர்கள், அதை யாரும் இப்போது இழைக்கப் போவதில்லை. கீழே இருப்பது முழு மரம், முக்கால் அங்குலம். அதை இழைக்கலாம், எந்த நிறமும் ஏற்றலாம், பதினைந்து வருடத்துக்கு மேல் மிதிபட்ட தரைக்கு எப்படியும் ஒருநாள் இழைப்பு வேண்டும். ஆக, மேல் தரை அசையாது, கீழ்த் தரையும் படியும் அசையும். அசையாததைப் பார்த்து அசைகிறவற்றைத் தீர்மானியுங்கள்.

படியைச் சிவப்பு ஓக்கில் போட்டு, கீழ்த் தரையையும் படியையும் ஒரே சமயத்தில் இழைத்து, ஒரே வாளிச் சாயத்தைப் பூசினால் இரண்டும் ஒரே மரம் மாதிரி வந்துவிடும். மேல் தரைக்கு அருகில் போகிற, சிவப்பு குறைந்த ஒரு பழுப்பை எடுத்தால் மூன்றும் ஒரு குடும்பம். நாங்கள் இப்படித்தான் செய்தோம்.

#8 சிட்டுக்குருவி, ஸ்காபரோ

செலவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. கீழ்த் தரை முழுக்க இழைப்பது என்றால் சாமான் எல்லாம் வெளியே எடுக்க வேண்டும், வீட்டை விட்டே சில நாள் போக வேண்டும். வயதானவர்களை வைத்துக்கொண்டு அது லேசில்லை.

#9 பனங்கூடு, பிக்கறிங்

உண்மைதான், மறுக்கவில்லை. இப்போதே தரையை இழைக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. இன்றைக்குப் படியை மட்டும் செய்தாலும், நாளைக்குக் கீழ்த் தரை எந்த நிறத்துக்குப் போகும் என்பதை மனதில் வைத்துப் படியின் மரத்தை எடுங்கள். இன்று மேல் தரையைப் பார்த்து ஆசைப்பட்டு வெள்ளை ஓக் ட்ரெட் போட்டுவிட்டால், பிறகு கீழே எந்தச் சாயம் பூசினாலும் படியின் அடியில் இரண்டு மரமும் சந்திக்கிற இடத்தில் வித்தியாசம் தெரியும். ஒரே சாயம் இரண்டு ஓக்கிலும் ஒரே நிறத்தைத் தராது.

#10 மணல்வீடு, பிரம்ப்டன்

வினைல் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். நிலவறைக்கு இறங்கும் படிக்கு நாங்கள் போட்டோம், அந்த இடத்துக்கு நல்லதுதான், ஈரத்துக்குப் பயமில்லை. ஆனால் பூட்டிப் பூட்டிப் போடுகிற மிதக்கும் பலகையைப் படியில் மிதக்க விடக் கூடாது, முழுக்கப் பசை போட்டு ஒட்ட வேண்டும், விளிம்புக்குத் தனியாக நோஸிங் என்கிற மூக்குப் பட்டை வாங்க வேண்டும். அந்த நோஸிங் பலகைக்கு மேலே மேடாக நிற்கிற வகை என்றால் ஒவ்வொரு படியிலும் கால்விரலுக்கு ஒரு தடை. சமமாக உட்காருகிற வகையும் சில பலகைகளுக்குக் கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும்.

கீழேயும் மேலேயும் நிஜ மரம் இருக்கிற வீட்டில், வாசலுக்கு நேரே இருக்கிற படிக்கு வினைல் போடாதீர்கள். பக்கத்தில் பக்கமாக இருக்கும்போது அச்சடித்த ரேகை உடனே தெரிந்துவிடும்.

#11 கொன்றைப்பூ, ஸ்காபரோ

வடலி, நான் முதியோர் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன், வீடு வீடாகப் போவது என் வேலை. எங்கள் ஆட்களின் வீடுகளில் நான் பார்க்கிறதைச் சொல்கிறேன், நிறத்தைப் பற்றியும்தான்.

வெள்ளை ரைசர், பழுப்பு ட்ரெட் என்று போட்டால் படி தெளிவாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏறும்போது உண்மை. மேலே நின்று இறங்கப் பார்த்தால் ரைசர் கண்ணில் படவே படாது, ட்ரெட்டின் மேற்பக்கம் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். எல்லாம் ஒரே நிறம் என்றால், அதுவும் கடும் நிறம் என்றால், ஒரு படி எங்கே முடிகிறது அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்புரை இருப்பவர்களுக்குப் பிரியாது. இறங்கும்போதுதான் விழுவதும் மோசமாக விழுவதும். அதனால் இறங்குகிறவரின் கண்ணுக்கு விளிம்பு தெரிகிறதா என்று பாருங்கள். பகலில் ஒருமுறை, இரவில் கழிப்பறை லைட் மட்டும் எரியும்போது ஒருமுறை, அம்மா நிற்கிற இடத்தில் நின்று பாருங்கள்.

மேல் தரையின் நிறமும் படியின் நிறமும் அச்சொட்டாக ஒன்றாக இருந்தாலும் ஆபத்து உண்டு. மேல் நடை எங்கே முடிகிறது என்று தெரியாமல் முதல் படிக்கே கால் தவறும். கொஞ்சம் வித்தியாசம் இருப்பது நல்லது.

வழுக்கலுக்கு வருவோம். ஊரில் வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நடந்து பழகியவர்கள் இங்கே பனிக்காலத்தில் காலுறை போட்டுக்கொண்டு பொலிஷ் போட்ட மரப்படியில் இறங்குகிறார்கள். சேலை உடுத்தியிருந்தால் ஒரு கையில் கொசுவத்தையும் பிடித்திருப்பார்கள், அப்போது கைபிடிக்கு மற்றக் கைதான் மிச்சம். ஆகவே நடுவில் ஒரு ரன்னர் கார்பெட் போடுங்கள், இரு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் மரம் தெரியட்டும். பூப்போட்டது, கோடு குறுக்கும் மறுக்கும் போனது வேண்டாம், அது விளிம்பை மறைக்கும். ஒரே நிறம், தட்டையான நெசவு, ஒவ்வொரு படியிலும் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும்.

#12 நெய்தல், மிசிசாகா

கார்பெட்டை எடுத்துவிட்டு மறுபடியும் கார்பெட்டா என்று கேட்கத் தோன்றும், ஆனால் கொன்றைப்பூ அக்கா சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன். நாங்களும் அந்தக் கறுப்புப் படிக்கு மேல் மணல் நிற ரன்னர் போட்ட பிறகுதான் மாமி தனியாக இறங்கத் தொடங்கினார். பக்கத்தில் தெரிகிற மரமே போதும், வடிவு ஒன்றும் குறையவில்லை. ரன்னர் வேண்டாம் என்கிறவர்கள் கடைசிப் பூச்சில் கலக்கிற வழுக்காத தூளைக் கேட்டுப் பாருங்கள், அது பூச்சின் மினுக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

#13 வடலி, ஏஜாக்ஸ்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஊதிப் பார்த்தோம், நுரை வந்தது, கீழே சிவப்பு ஓக்தான். கார்பெட் ஓரத்தில் வெறும் பலகையிலிருந்து அளந்தேன்: அடிப்படி 180 மி.மீ., நடுப்படிகள் எல்லாம் 190, கடைசிப் படி 203.

கொன்றைப்பூ அக்கா சொன்னபடி இரவில் மேலே நின்று பார்த்தேன். இவ்வளவு நாளாக அம்மா ஏன் முதல் படியில் நின்று நின்று இறங்குகிறா என்று இப்போதுதான் விளங்கியது.

கீழ்த் தரையை அடுத்த கோடையில் இழைக்கலாம் என்று கணவரும் சம்மதித்துவிட்டார், அப்போது அப்பா அம்மா லண்டனில் தங்கை வீட்டில் இருப்பார்கள். அப்படியென்றால் படியையும் அதோடு சேர்த்துச் செய்வதா, இப்போதே செய்வதா?

#14 உளிச்சத்தம், மார்க்கம்

உங்கள் அளவுகள் நல்ல செய்தி. கீழே மரத்தரை 19 மி.மீ. ஏறியதால் அடிப்படி குறைந்திருக்கிறது, மேலே பழைய மெல்லிய அடித்தளத்துக்கு மேல் நீங்கள் பலகை போட்டதால் கடைசிப் படி கூடி 203 ஆகியிருக்கிறது, இப்போதே விதிக்கு மேலேதான் நிற்கிறது. படியில் 12 மி.மீ. பலகை போர்த்தினால் அடி 192, நடு 190, கடைசி 191. இவ்வளவு அழகாக எல்லா வீட்டிலும் அமையாது. தடித்த ட்ரெட்தான் நல்லது என்று யாராவது ஒரு அங்குலப் பலகை கொண்டுவந்தால் விடாதீர்கள், அடிப்படி 205க்குப் போய்விடும். விளிம்பு மட்டும் ஓர் அங்குலம் தடிப்பாகத் தெரியும்படி மூக்கு வைத்த மெல்லிய போர்வைப் பலகை கிடைக்கும், அதைக் கேளுங்கள்.

தரையோடு சேர்த்துச் செய்யுங்கள் என்பதே என் கருத்து. பனங்கூடு சொன்ன வழி சரியானது, நானும் அதையேதான் சொல்வேன். வாசலில் நின்று பார்த்தால் படியும் கீழ்த் தரையும் ஒரே பார்வையில் விழும், மேல் தரை விழாது. மேலே போய்ச் சேரும்போது கண் ஏற்கெனவே பழகியிருக்கும். அதனால் கீழ்த் தரையோடு படி அச்சொட்டாகச் சேர வேண்டும், மேல் தரையோடு சாயல் ஒத்துப்போனால் போதும், அதைவிட இரண்டு மட்டம் கடும் நிறமாக இருக்கலாம். கொஞ்சம் மட்டும் வித்தியாசப்படுகிற நிறம்தான் கண்ணை உறுத்தும், பொருத்தப் பார்த்துத் தவறிவிட்டது போல இருக்கும்.

அடுத்தது சாயல். உங்கள் கீழ்த் தரையில் ரோஸ், மேலே பழுப்போடு லேசான சாம்பல். சிவப்பு ஓக்கை இழைத்து நிறமில்லாத தண்ணீர்ப் பூச்சை மட்டும் கொடுத்தால் ரோஸ் துலங்கிவிடும், மேல் தரைக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. எண்ணெய்ப் பொலியுரிதேன் கொடுத்தால் மஞ்சளாகும், வருடம் போகப் போக இன்னும் மஞ்சளாகும். ஆகவே நடுவில் சாயம் வேண்டும், சிவப்பு கலவாத பழுப்பு. மின்வாக்ஸ் கம்பெனிச் சாயங்களில் ஸ்பெஷல் வால்நட், புரொவின்ஷியல் என்கிற நிறங்களைத் தொடக்கமாக வைத்துப் பாருங்கள். பச்சைச் சாயல் லேசாக உள்ள பழுப்பு ரோஸை அடக்கும். மேலே தண்ணீர்ப் பூச்சு, மேட் அல்லது லேசாக மினுங்கும் சாட்டின், மினுக்கம் மேல் தரைக்குக் கிட்ட வரட்டும். நிறம் சற்று விலகினாலும் கண் விட்டுவிடும், ஒன்று பளபளத்து மற்றது மங்கினால் விடாது.

மிகவும் வெளிராக, மேல் தரை போலவே வேண்டும் என்றால் இரண்டு போத்தல் மருந்து கலந்து மரத்தையே வெளுக்கிற முறை இருக்கிறது. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும். படிக்கும் முழுத் தரைக்கும் அதைச் செய்வது பெரிய வேலை, அளவு தவறினால் திட்டு விழும். உங்களுக்கு அது தேவையில்லை.

#15 மணல்வீடு, பிரம்ப்டன்

நிறம் பார்க்கிறபோது கடையில் தருகிற சின்னச் சதுரத்தை நம்பாதீர்கள். உங்களுக்கு வரப்போகிற அதே சிவப்பு ஓக் பலகையில் ஓர் அடி நீளமாவது இழைத்து, சாயமும் மேல்பூச்சும் முழுதாகப் பூசிக் காயவிட்டு, ஒன்றை அடிப்படியில் கீழ்த் தரைக்குப் பக்கத்திலும் ஒன்றை மேல்படியில் புதுத் தரைக்குப் பக்கத்திலும் வையுங்கள். படியில் யன்னல் இருக்கிறதா? வடக்குப் பார்த்த யன்னல் என்றால் பழுப்பு சாம்பலாகத் தெரியும். லைட் 2700 கெல்வின் என்றால் எல்லாம் மஞ்சளாகும், 4000 என்றால் சாம்பல் தூக்கும். எங்கள் வீட்டில் மேலும் கீழும் வேறு வேறு பல்ப் இருந்தது. ஒரே மாதிரி மாற்றியதுமே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

#16 சிட்டுக்குருவி, ஸ்காபரோ

ரைசர் வெள்ளையா மரமா என்று இன்னும் முடிவாகவில்லையே. நான் வெள்ளைக்குத்தான் வாக்கு. நாங்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருகிற ஆட்கள், சப்பாத்து நுனி பட்டுக் கறுக்கும் என்ற பயம் மற்ற வீடுகளுக்கு உள்ள அளவு நமக்கு இல்லை.

#17 உளிச்சத்தம், மார்க்கம்

அது நல்ல பேச்சு. பிள்ளைகளின் கால்விரல் படும், ஆனாலும் துடைத்தால் போகும், மங்கிப்போனால் மறுபடி அடிக்கலாம். வெள்ளை ரைசரில் எனக்குள்ள ஒரே கவலை பனிக்காலம். ஹீட்டர் ஓடி வீட்டுக் காற்றின் ஈரப்பதம் 25 சதவீதத்துக்கு இறங்கும்போது மரம் சுருங்கும், ட்ரெட்டும் ரைசரும் சேருகிற இடத்தில் நிரப்பிய பசை மயிரிழையாகப் பிளக்கும். வெள்ளையில் அந்தக் கோடு கறுப்பாகத் தெரியும், மரநிற ரைசரில் தெரியாது. ஈரமூட்டி வைத்து 35க்கு மேலே பிடித்திருந்தால் பெரும்பாலும் வராது. அதே காரணத்துக்காகப் பலகைகளைக் குளிர் கராஜில் அடுக்காமல் வேலைக்கு முன்பே வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள்.

வெள்ளை போடுவதானால் கதவுச் சட்டத்துக்கும் தரையோரப் பலகைக்கும் அடித்த அதே வெள்ளையைப் போடுங்கள். ஒரே சுவரில் இரண்டு வெள்ளை வேண்டாம்.

#18 வடலி, ஏஜாக்ஸ்

கைபிடிக்கும் ஏதாவது சொல்லுங்கள். அந்த ஆரஞ்சை அப்படியே விட்டால் மற்ற எல்லாம் மாறி அது மட்டும் தனித்து நிற்கும் என்று தோன்றுகிறது. இரும்புப் பிக்கட் விலை கேட்டேன், இந்த வருடம் கையில் நிற்காது.

#19 பனங்கூடு, பிக்கறிங்

பிக்கட்டை மாற்ற வேண்டாம், வெள்ளை அடியுங்கள், ரைசரோடு சேர்ந்துவிடும். கைபிடியையும் தூண் தலையையும் மட்டும் ட்ரெட்டின் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். வளைவுகளில் முழுதாக இழைப்பது கஷ்டம் என்றால் ஜெல் சாயம் இருக்கிறது, பழைய பூச்சை நன்றாகச் சொரசொரப்பாக்கிவிட்டு மேலேயே பூசலாம். ஆனால் கை படுகிற இடம் அது, மேலே தெளிவான பூச்சு இரண்டு மூன்று தரம் கொடுக்காவிட்டால் கைபிடிக்கிற பக்கம் உரிந்து அடியிலிருந்த ஆரஞ்சு எட்டிப் பார்க்கும். கைபிடியை வெள்ளை அடிக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், எண்ணெய்க் கையும் மஞ்சள் கையும் படுகிற வீட்டுக்கு அது ஒத்துவராது.

#20 கொன்றைப்பூ, ஸ்காபரோ

கைபிடியைத் தொடுகிற நேரத்திலேயே உயரத்தையும் பாருங்கள், படி விளிம்பிலிருந்து குறைந்தது 865 மி.மீ. இருக்க வேண்டும். பலகை போர்த்தினால் படி உயரும், கைபிடி அதே இடத்தில் நிற்கும், அந்த அளவு குறையும். பிக்கட் இடைவெளி 100 மி.மீ. உருண்டை நுழையாத அளவாக இருக்கட்டும். முடியுமானால் சுவர்ப் பக்கமும் ஒரு கைபிடி வையுங்கள், அம்மா இரண்டு கையாலும் பிடித்து இறங்கலாம். அதற்கும் அதே ஓக், அதே சாயம். சுவர் வெள்ளை என்றால் இரவில் பழுப்புக் கைபிடி நன்றாகத் தெரியும்.

#21 வடலி, ஏஜாக்ஸ்

சரி, இன்று வீட்டில் எல்லோரும் இருந்து பேசி முடிவெடுத்தோம். சிவப்பு ஓக் போர்வைப் பலகை 12 மி.மீ., கீழ்த் தரையோடு அடுத்த கோடையில் ஒன்றாகச் சாயம், ஸ்பெஷல் வால்நட்டுக்குப் பக்கத்து நிறம் ஒன்று, சாட்டின். ரைசரும் பிக்கட்டும் வெள்ளை. சுவரில் இரண்டாவது கைபிடியை மட்டும் கோடைக்குக் காத்திராமல் இந்த மாதமே வைக்கிறோம், லைட்டும் மாற்றுகிறோம். அப்பா ரன்னர் வேண்டாம் என்றார், அம்மா வேண்டும் என்றா, அம்மா சொன்னதுதான்.

ஒரு கேள்வி மிச்சம். மேல் தரை முடிகிற விளிம்பில் வருகிற நோஸிங் எந்த நிறத்தில் இருக்க வேண்டும், மேல் தரையின் நிறமா, படியின் நிறமா?

#22 உளிச்சத்தம், மார்க்கம்

பலர் மேல் தரையின் நிறத்தில் வைப்பார்கள், தரைக்கடைக்காரரும் அதையேதான் விற்பார். உங்கள் வீட்டுக்குப் படியின் நிறத்தில் வையுங்கள் என்பேன். கீழிருந்து பார்த்தால் எல்லா விளிம்பும் ஒரே வரிசையாகத் தெரியும், மேலிருந்து வருகிறவருக்கு வெளிர்த் தரை முடிகிற இடத்தில் ஒரு கடும் கோடு இருக்கும், கொன்றைப்பூ சொன்ன தேவையும் தீர்ந்துவிடும். ஏற்கெனவே மேல் தரையோடு நோஸிங் போட்டிருந்தால் அதைக் கழற்றிச் சிவப்பு ஓக்கில் மாற்ற வேண்டும், தடிப்பு பக்கத்துப் பலகையோடு சமமாக வருகிறதா என்று பார்த்து எடுங்கள்.

மாதிரிப் பலகைக்கு நீங்களே சாயம் பூசப்போவதானால் ஒன்று கவனம். எண்ணெய்ச் சாயம் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய தகர வாளியில் அமுக்கி மூடி வையுங்கள். மாதிரி காய்ந்ததும் படம் போடுங்கள், மேல்படியில் வைத்து ஒன்று, அடிப்படியில் வைத்து ஒன்று, பகல் வெளிச்சத்தில்.